மூடிய மாவும் கேட்காத கேள்வியும்

வெள்ளிக்கிழமை வந்தால் ஜமைக்காவின் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவர்களின் வீடுகளில் அடுப்புக்கு ஒரு கெடு உண்டு. பொழுது சாய்வதற்குள் சமையல் முடிந்துவிட வேண்டும். சூரியன் மறைந்ததும் ஓய்வுநாள் தொடங்கிவிடும். மறுநாள் மாலை சூரியன் மறையும்வரை அது நீளும். 2011 கணக்கெடுப்பின்படி அந்தத் தீவில் நூற்றுக்கு 12 பேர் இந்தச் சபையினர் என்பதால், இது எங்கோ ஒரு மூலையில் நடக்கும் சங்கதி அல்ல. முன்கூட்டியே செய்து வைத்து, மறுநாள் வழிபாடு முடிந்து வந்ததும் எடுத்துச் சாப்பிடத் தோதான பண்டங்களில் ஒன்று பேட்டீஸ்.

நம் ஊர் சோமாசியைப் பெரிதாக்கி, எண்ணெயில் பொரிக்காமல் அவன் அடுப்பில் சுட்டால் என்ன வடிவம் வருமோ அதுதான் ஜமைக்கா பேட்டீஸ். மைதாவில் மஞ்சள்தூளோ கறிப்பொடியோ கலப்பார்கள். மேலோட்டின் பொன்னிறம் அதனால் வருவது. குளிர்ந்த கொழுப்பை மாவில் போட்டு விரல் நுனியால் உதிர்த்து, ஐஸ் தண்ணீர் தெளித்துச் சேர்க்க வேண்டும். கைச்சூட்டில் கொழுப்பு உருகினால் ஓடு அடுக்கடுக்காக வராது. அதனால் அழுத்திப் பிசையாமல் உருட்டிக் குளிர வைத்து, பிறகே தேய்ப்பார்கள். பூரணத்துக்குக் கொத்திறைச்சி, வெங்காயத்தாள், தைம் இலை, அங்கே பிமென்டோ என்று சொல்லும் சர்வசுகந்தி, காரத்துக்கு ஸ்காட்ச் பானெட் மிளகாய். ரொட்டித்தூளைச் சேர்த்துக் கிளறினால் சாறு ஓடாமல், அதே சமயம் வறண்டும் போகாமல் பதமாக நிற்கும். பூரணம் முழுக்க ஆற வேண்டும். சூட்டோடு வைத்தால் மாவு இளகிக் கிழியும். வட்டத்தை அரைவட்டமாக மடித்து, ஓரத்தை முள்கரண்டியால் அழுத்தி மூடி, 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஏறத்தாழ அரை மணி நேரம் சுட வேண்டும்.

ஓரம் மூடியாயிற்று. இனி உள்ளே என்ன இருக்கிறது என்பது செய்தவருக்குத்தான் தெரியும்.

சமையல் குறிப்பு இந்த இடத்தில் முடிகிறது. மதங்களின் பழைய கேள்வி ஒன்று இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. தட்டில் பரிமாறிய சோற்றையும் குழம்பையும் கண் பார்த்துச் சோதித்துக்கொள்ளும். மூடிச் சுட்ட பண்டத்தைச் சோதிக்க வழியில்லை. கடித்த பிறகு தெரிந்து பயனும் இல்லை. பன்றியைத் தொடாத முஸ்லிமும் அட்வென்டிஸ்டும், மாட்டிறைச்சி உண்ணாத இந்துவும், இறைச்சியே ஆகாது என்னும் ராஸ்தாஃபாரியும், பெரிய வெள்ளியன்று இறைச்சியைத் தவிர்க்கும் கத்தோலிக்கரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்வது கரீபியத் தீவுகளின் அன்றாடம். அங்கே மூடிய ஒரு பண்டத்தைப் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி வாயில் வைப்பது சாதாரணச் செயல் அல்ல. உணவின் தூய்மை என்று மதங்கள் சொல்வது அந்தப் பொருளுக்குள் இருக்கிறதா, செய்தவருக்கும் உண்பவருக்கும் நடுவில் இருக்கிறதா?

பூரணத்தை விசாரித்தால் போதும் என்று நினைப்பவர்கள் ஓட்டை மறந்துவிடுகிறார்கள். பேட்டீஸின் மூதாதையாகச் சொல்லப்படுவது இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் சுரங்கத் தொழிலாளர்கள் கொண்டுபோன மடித்த பண்டம். அந்தப் பழைய முறையில் மாவுக்குச் சேர்வது மாட்டுக்கொழுப்பு அல்லது பன்றிக்கொழுப்பு. இன்று பெரும்பாலான வீடுகளில் தாவரக் கொழுப்போ வெண்ணெயோ அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது என்றாலும், மாட்டுக்கொழுப்பு சேர்த்தால்தான் ஓடு உதிரும் என்று சாதிக்கும் சமையல்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். உள்ளே முட்டைக்கோஸும் கேரட்டுமே இருந்தாலும், ஓட்டிலேயே மாடு இருக்கலாம். விலக்கப்பட்டது உறையில் ஒளிந்திருக்கும்போது, பூரணத்தின் பெயரை மட்டும் சொல்லிக் கொடுப்பவர் பொய் சொல்லவில்லைதான். ஆனால் உண்மையையும் சொல்லவில்லை.

இந்தக் கேள்வியை மிகக் கடுமையாக எடுத்துக்கொண்டவர்கள், ராஸ்தாக்கள் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ராஸ்தாஃபாரிகள். 1930 நவம்பர் 2 அன்று எத்தியோப்பியாவில் ஹைலே செலாசி முடிசூடிக்கொண்டார். கறுப்பின அரசர் ஒருவர் அரியணை ஏறியதைத் தெய்வ வாக்கின் நிறைவாகக் கண்ட ஏழை ஜமைக்கர்களிடையே இந்த இயக்கம் பிறந்தது. அதன் முதல் போதகர்களில் ஒருவரான லெனார்ட் ஹோவெல், தமது நூலை ஜி. ஜி. மராக் என்ற இந்தியச் சாயல் கொண்ட பெயரில் வெளியிட்டார். 1845இல் ஜமைக்காவின் ஓல்ட் ஹார்பர் துறையில் இறங்கிய இந்திய ஒப்பந்தக் கூலிகளின் சந்ததியார் அவரைச் சுற்றி வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ராஸ்தாக்களின் புலால் மறுப்பிலும் சடைமுடியிலும் இந்து சாதுக்களின் சாயல் உண்டா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. ராஸ்தாக்களோ பைபிளைத்தான் காட்டுவார்கள்: முடி மழிக்காத நசரேய விரதத்துக்கு எண்ணாகமம், விலக்கப்பட்ட உயிர்களுக்கு லேவியராகமம்.

அவர்களுடைய உணவுமுறைக்கு ஐட்டல் என்று பெயர். அந்த முறையில் சுடும் பேட்டீஸின் ஓடு பழுப்பாக இருக்கும், ஏனென்றால் அது முழுக்கோதுமை மாவு. கொழுப்புக்குப் பதில் தேங்காய் எண்ணெய். உள்ளே கலலூ என்னும் கீரையோ, பருப்போ, சோயாவோ. நெறி தவறாதவர்கள் உப்பும் போடுவதில்லை.

உப்பை ஏன் விலக்க வேண்டும்? உடல்நலம் ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணம் அடிமை வரலாற்றில் இருக்கிறது. தோட்டத்தில் அடிமைகளுக்கு அளந்து போட்டது உப்பில் ஊறிய மீனும் இறைச்சியும். வட அட்லாண்டிக்கில் பிடித்த காட் மீனில் மட்டமானதை உப்பிட்டுக் காயவைத்து, கரும்புத் தோட்டங்களுக்கென்றே கப்பலில் அனுப்பினார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களில் உப்பு தின்னாதவர்கள் பறந்து தாயகம் திரும்பிவிடுவார்கள், உப்பு தின்றவர்களின் உடல் கனத்துப் போகும் என்ற நம்பிக்கை தீவுகள் பலவற்றில் கதைகளாக இன்றும் உலவுகிறது. உப்பில்லாத ஒரு பேட்டீஸுக்குள் இவ்வளவும் அடங்கியிருக்கிறது. எது கொடுத்தாலும் தின்றே ஆக வேண்டும் என்றிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள், இது எனக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமையை நாக்கிலிருந்து தொடங்கினார்கள்.

தமிழ் வாசகருக்கு இது சற்று விசித்திரமாகப் படலாம். உணவுத் தூய்மை என்றாலே மேலே இருப்பவர் கீழே இருப்பவரை ஒதுக்க வைத்த விதியாகத்தான் நம் ஊரில் அது நினைவுக்கு வரும். ஜமைக்காவில் அதே விதி மிதிபட்டவர்களின் கையில் போய்ச் சேர்ந்தது. 1963இல் பெரிய வெள்ளியை ஒட்டிய நாட்களில், கோரல் கார்டன்ஸ் பகுதியில் நடந்த மோதலைக் காரணம் காட்டி, தொடர்பே இல்லாத ராஸ்தாக்களையும் பிடித்துச் சிறையிலடைத்தார்கள், சடையை வெட்டியெறிந்தார்கள். அரசு அதற்காக மன்னிப்புக் கேட்டது 2017இல். அத்தகைய மக்கள் தங்கள் உடலுக்குள் எது போகலாம், எது போகக்கூடாது என்று வரையறுத்துக்கொண்டதை வீண் ஆசாரம் என்று தள்ளிவிட முடியாது.

கிறிஸ்தவப் பெரும்பான்மை கொண்ட அந்தத் தீவில் அவர்களுக்கு எதிராகச் சொல்லப்படும் வாதமும் பைபிளிலிருந்தே வருவதுதான். வாய்க்குள் போவது மனிதனைத் தீட்டுப்படுத்தாது, வாயிலிருந்து வருவதே தீட்டு என்று இயேசு மக்கள் கூட்டத்திடம் சொன்னதாக மத்தேயு எழுதியிருக்கிறார். கை கழுவாமல் சாப்பிடுவதைப் பற்றிப் பரிசேயர்களோடு எழுந்த சண்டை அது. வலுவான வாதம்தான். ஆனால் ராஸ்தாவின் பதில் இன்னொரு திசையிலிருந்து வருகிறது: உடல் கோயில், வாழும் முறை முழுவதும் வழிபாடு, அதில் சாப்பாட்டை மட்டும் வெளியே நிறுத்துவது எப்படி? இரண்டு பேரும் இரண்டு வேறு அபாயங்களைப் பார்த்துப் பேசுகிறார்கள். ஒருவர் அஞ்சுவது, சட்டி கழுவிய மனிதன் மனம் கழுவ மறப்பதை. மற்றவர் அஞ்சுவது, மனம் சுத்தம் என்று சொல்லிக்கொண்டு கையில் கிடைத்ததையெல்லாம் விழுங்குவதை.

திருப்பெரும்புதூரில் பிறந்த இராமானுசர் இந்தச் சிக்கலை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார். உணவுக்கு மூன்று வகைக் குற்றம் வரலாம் என்பது ஸ்ரீபாஷ்யத்தில் அவர் எடுத்துக்காட்டும் பழைய விளக்கம். பொருளின் இயல்பாலேயே வரும் குற்றம் ஒன்று. அது யாரிடமிருந்து வருகிறதோ அவரால் வரும் குற்றம் இரண்டாவது. முடி, எச்சில், அழுக்கு என்று இடையில் சேர்ந்ததால் வரும் குற்றம் மூன்றாவது. இதே மரபில், உணவு தூய்மையானால் உள்ளம் தூய்மையாகும் என்ற சாந்தோக்கிய உபநிடதக் கருத்துக்குச் சங்கரர் வேறு பொருள் கொண்டார். வாயால் உண்பதை மட்டும் அது குறிக்கவில்லை, ஐம்புலன்கள் வழியே உள்ளே எடுத்துக்கொள்ளும் அனைத்தையும் குறிக்கிறது என்றார். பேட்டீஸை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால், முதல் குற்றத்தையும் மூன்றாவதையும் மூடிய ஓடு மறைத்துவிடுகிறது. மிஞ்சுவது இரண்டாவது மட்டும்: யார் செய்தார்?

ஆபத்தான கேள்வி இது. இந்தக் கேள்வியைச் சாதி கேட்டபோது என்ன நடந்தது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ராஸ்தாக்களிலும் இதன் நிழல் உண்டு. புல் பே மலைமேல் வாழும் போபோ அஷாந்தி பிரிவில், மாதவிலக்கு நாட்களில் பெண்கள் ஒதுங்கியிருக்க வேண்டும், ஆண்களுக்குச் சமைக்கக் கூடாது. ஒடுக்குமுறைக்கு எதிராகப் பிறந்த நெறியும், தன் வீட்டுப் பெண்ணின் உடலைத் தீட்டாகப் பார்க்கும் பழைய பழக்கத்தை உதறவில்லை. தூய்மை விதி தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் வரைதான் மதிப்புக்குரியது. எதிரே நிற்பவரை அளக்கக் கிளம்பியதும் அது வேறொன்றாகிவிடுகிறது. எனவே யார் செய்தார் என்று கேட்கலாம். ஆனால் அந்தக் கேள்வி பிறப்பைத் தேடிப் போகக்கூடாது. செய்தவரின் சொல்லை நம்பலாமா என்பதோடு அது நிற்க வேண்டும்.

கடல் கடந்த இந்தியர்களுக்கு இந்தப் பாடம் கப்பலிலேயே தொடங்கியது. கல்கத்தாவிலிருந்து டிரினிடாடுக்கு மாதக்கணக்கில் பயணம். ஒரே சமையற்கட்டில் வெந்த சோறுதான் எல்லாருக்கும். 1845 முதல் 1917 வரை 1,40,000க்கும் மேற்பட்டோர் அப்படிப் போனார்கள். சாந்தோக்கியத்திலேயே இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. ஆலங்கட்டி மழையில் பயிர் அழிந்த குரு நாட்டில், பசியால் வாடிய உஷஸ்தி என்ற அறிஞர், யானைக்காரர் ஒருவர் தின்றுகொண்டிருந்த பயற்றை எச்சில் என்று தெரிந்தும் வாங்கித் தின்றார். அவர் கொடுத்த தண்ணீரை மட்டும் வேண்டாம் என்றார். பயறு எச்சில் இல்லையா என்று யானைக்காரர் கேட்டதற்கு, அதைத் தின்னாவிட்டால் உயிர் போயிருக்கும், தண்ணீர் வேண்டிய இடத்தில் கிடைக்கும் என்று பதில் வந்தது. விதி மனிதனுக்காகத் தளர்கிறது. ஆனால் தளர்ந்த இடம் எது, தளராத இடம் எது என்பதை அந்த மனிதரே நேர்மையாகக் கணக்கு வைத்துக்கொள்கிறார். கப்பலில் ஒரே பானைச் சோற்றை உண்டவர்கள், கரையிறங்கி ஒப்பந்தம் முடிந்து சொந்த அடுப்பு மூட்டியபோது மாட்டிறைச்சி வேண்டாம், பூசைக்கு முன் புலால் வேண்டாம் என்ற விதிகளை மீண்டும் எடுத்துக்கொண்டது அந்தக் கணக்கின்படிதான். அவர்கள் கைப்பட்ட ஆலு பை, அதாவது உருளைக்கிழங்கு மசியலை மாவில் மூடி எண்ணெயில் பொரித்தது, இன்று டிரினிடாடில் மத வேறுபாடின்றி எல்லாரும் தெருவில் நின்று தின்னும் பண்டம்.

சரி, பக்கத்து வீட்டிலிருந்து வந்ததை விசாரித்துத்தான் தின்ன வேண்டுமா?

விசாரிக்காமல் உண்ணலாம் என்று சொன்னவர்கள் இரண்டு மரபுகளில் இருக்கிறார்கள். கொரிந்து நகரத்தில் சந்தைக்கு வந்த இறைச்சியில் ஒரு பகுதி கோயில்களில் படைக்கப்பட்டது. அதை வாங்கலாமா என்று கேட்ட கிறிஸ்தவர்களுக்குப் பவுல் எழுதிய பதில் நுட்பமானது. கடையில் விற்பதை ஆராயாமல் உண்ணுங்கள். ஆனால் இது படையல் என்று ஒருவர் சொல்லிவிட்டால் உண்ணாதீர்கள், உங்களுக்காக அல்ல, சொன்னவரின் மனச்சாட்சிக்காக என்றார். நபிகள் நாயகத்திடமும் இதே போன்ற கேள்வி வந்ததை ஆயிஷா அறிவித்திருக்கிறார்: சிலர் இறைச்சி கொண்டு வந்து தருகிறார்கள், இறைவன் பெயர் சொல்லி அறுத்தார்களா தெரியவில்லை. நீங்கள் இறைவன் பெயரைச் சொல்லி உண்ணுங்கள் என்பது அவர் தந்த விடை. கொண்டு வந்தவர்கள் அண்மையில் இஸ்லாத்தைத் தழுவியவர்கள். அவர்களைச் சந்தேகித்துக் குடைவதைவிட நம்பி ஏற்பது மேல் என்ற தீர்ப்பு அதில் இருக்கிறது.

கொரிந்தியர்களின் கேள்வி தமிழர் சந்ததியாரிடமும் வந்து நின்றது. 1854 டிசம்பர் இறுதியில், கிறிஸ்துமஸை ஒட்டி, 'ஒரேலி' என்ற கப்பல் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்து மக்களைக் குவாதலூப் தீவில் இறக்கியது. அடுத்த சில பத்தாண்டுகளில் 40,000 பேருக்கு மேல் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்களில் பலர் கத்தோலிக்க ஞானஸ்நானம் பெற்றவர்கள். மாரியம்மனுக்கு ஆடு வெட்டுபவர்களும் அவர்களே. பூசைக்கு முன் பல நாள் புலால் தவிர்த்து விரதம் இருப்பார்கள். பலியிட்ட ஆட்டைக் கொலோம்போ என்ற மசாலாக் குழம்பாக்கி, இலைபோட்டு வந்தவர்க்கெல்லாம் பரிமாறுவார்கள். கிறிஸ்துமஸுக்கு அந்தத் தீவின் வீடுகளில் மணப்பது பத்தே: பன்றி இறைச்சிப் பூரணத்தை அடுக்கு மாவில் மூடிச் சுட்ட சிறு வட்டங்கள். படையல் இறைச்சியும் கிறிஸ்துமஸ் பத்தேயும் ஒரே குடும்பத்தில் ஒரே ஆண்டில் வந்து போகின்றன. பவுலின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது அவர்களிடம் தீர்ப்புச் சொல்லப் போனால், எந்தப் பக்கம் நின்று சொல்வது என்று தெரியாமல் திகைத்துத்தான் போவார்கள். இந்த மக்கள் குழம்பிப் போனவர்கள் அல்லர். எப்போது விரதம், எப்போது விருந்து என்பதை அவர்கள் துல்லியமாக அறிந்திருக்கிறார்கள்.

ஆனால் கேட்காமல் உண்ணும் பெருந்தன்மை உண்பவருக்கு இருந்தால், செய்பவரின் பொறுப்பு இரட்டிப்பாகிறது. டிரினிடாடின் பாஸ்டெல் இதற்கு நல்ல உதாரணம். வெனிசுவேலா கரையிலிருந்து வந்த கிறிஸ்துமஸ் பண்டம் அது. சோளமாவை வெந்நீரும் வெண்ணெயும் விட்டுப் பிசைந்து, வாட்டிய வாழையிலையில் எண்ணெய் தடவி வைத்து, மரப்பலகை அச்சில் ஒரே அமுக்காக அமுக்குவார்கள். நடுவில் ஆலிவ், கேப்பர், உலர்திராட்சை கலந்த இறைச்சிப் பூரணம். இலையோடு மடித்து நூலால் கட்டி ஆவியில் வேக வைப்பார்கள். தனியாகச் செய்து மாளாது. ஒருவர் இலை துடைக்க, ஒருவர் அச்சு அமுக்க, ஒருவர் கட்ட என்று வீடே வரிசையாக உட்காரும். 2011 கணக்கெடுப்பில் கத்தோலிக்கர் ஏறத்தாழ 22 சதவீதம், இந்துக்கள் 18, முஸ்லிம்கள் 5 என்றிருக்கும் அந்த நாட்டில், கட்டி முடித்ததில் ஒரு பங்கு வேற்று மதத்து வீட்டுக்குப் போவது வழக்கம். தீபாவளி அன்று எதிர்த்திசையில் பலகாரப் பை வரும். முஸ்லிம் வீட்டுக்குக் கோழியென்றால் அது ஹலால் கடைக் கோழி. இந்து வீட்டுக்குக் கோழியோ சோயாவோ, மாடு கிடையாது. எது எதுவென்று பிரித்தறிய, சில வீடுகளில் நூலின் நிறத்தையோ கட்டும் விதத்தையோ மாற்றுவார்கள். அந்த நூல் சாட்சி சொல்கிறது. அதை மாற்றிக் கட்டியவருக்கும், பார்க்காமல் அவிழ்த்தவருக்கும் இடையில்தான் தூய்மை என்பது நிகழ்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது. சோளமாவிலும் வாழையிலையிலும் அதைத் தேடினால் அகப்படாது.

புலம்பெயர்ந்த நகரங்களில் இந்தச் சாட்சியத்தைச் சட்டம் எடுத்துக்கொண்டது. 1985இல் டொராண்டோவில், 'பீஃப் பேட்டி' என்றால் மாவு இல்லாத வெறும் இறைச்சி வட்டைதான், ஜமைக்கர்கள் அந்தப் பெயரை மாவில் மூடிய பண்டத்துக்கு வைத்து விற்கக்கூடாது என்று கனடா உணவு அதிகாரிகள் கடைக்காரர்களுக்கு உத்தரவிட்டார்கள். கடைக்காரர்கள் எதிர்த்து நின்றார்கள். கடைசியில் 'ஜமைக்கன் பேட்டி' என்று எழுதிக்கொள்ளலாம் என்று பிப்ரவரி 23 அன்று உடன்பாடு வந்தது; அந்த நகரத்தில் அந்த நாளை இன்றும் கொண்டாடுகிறார்கள். உறைந்த பெட்டிகளில் இப்போது ஹலால் முத்திரையும் சைவக் குறியும் இருக்கின்றன. முகம் தெரியாதவருக்கு முகம் தெரியாதவர் விற்கும்போது அவை தேவை. குறி பொய்யானால் வழக்குப் போட வழியிருக்கிறது என்பது சிறிய பாதுகாப்பு அல்ல.

வீட்டு அடுப்புக்கு அப்படி முத்திரை கிடையாது. அங்கே சட்டியின் வரிசை முக்கியம். எல்லா வகையும் ஒரே நாளில் செய்ய வேண்டியிருந்தால், அக்கறையுள்ள சமையல்காரர் இறைச்சியைக் கடைசிக்குத் தள்ளிவிடுவார். கழுவிய பலகையில், புதிய எண்ணெயில், பருப்போ சோயாவோ வைத்த பங்கை முதலில் முடித்து எடுத்து வைப்பார். மாட்டிறைச்சி பலகைக்கு வருவது அதற்குப் பிறகுதான். பண்டத்தை வாங்கிக்கொள்ளும் வீட்டில் யாரும் இந்த வரிசையைப் பார்க்கப் போவதில்லை, கேட்கப் போவதும் இல்லை. அவர் சொன்னால் உண்டு.